சுவரில் செடி

கேள்வி: டைல் பதித்த தொட்டிகளைச் சுவரில் மாட்டிச் செடி வளர்த்தால் வீட்டுக்குள் காற்று சுத்தமாகுமா? (வாசகர், சுரக்குடி, காரைக்கால்)

பதில்: காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள், செடியைக் கண்ணுக்காக வளருங்கள். 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு இறுக மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. அத்தகைய சோதனைகளை 2019இல் அலசிய ஆய்வாளர்கள், ஜன்னல் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, தரையில் சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அப்புறம் பாய் விரிக்க இடமேது?

பலன் அவ்வளவுதானென்றால் எதற்கு வளர்ப்பது என்பீர்கள். காலையில் கண் விழித்ததும் ஒரு புதுத் தளிரைப் பார்ப்பது சின்ன லாபமில்லை. நான் கவலைப்படுவது சுவரை நினைத்துத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காரைக்கால் பக்கத்துச் சுவர்கள் தாமே ஓதம் காக்கும். பூச்சில்லாத சுடுமண் தொட்டி நீரைக் கசியவிட, சுண்ணாம்பு உரிந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். மெருகிட்ட டைல் கசியாது. ஆனால் அடியில் துளையில்லையென்றால் வேர் அழுகிவிடும். ஆகவே துளையுள்ள மெருகுத் தொட்டியாக வாங்கி, சுவருக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஜன்னலை ஒட்டி மாட்டுங்கள். குறைந்த வெளிச்சத்துக்கு மணி பிளான்ட் தாங்கும். கொசு வருமே என்றால், அடித்தட்டில் தேங்கும் நீரை நாலு நாளுக்கொருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும்.