சரிவுப்பாதைக்கு ஒரு மனு

சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி எங்கள் தெரு நடைபாதையைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுக்கப் போனேன். மனு வாங்கும் அறைக்கு நான்கு படி. "மேல வாங்க சார்" என்றார் எழுத்தர். மனு மட்டும் மேலே போனது, என் தம்பி கையில்.

1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு என்பது கணக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு இருக்கிறது. மனுவுக்குப் பிறகு எங்கள் நடைபாதைக்கு வாய்த்ததோ இரண்டடி நீளச் சரிவு. தெருப் பிள்ளைகளுக்கு நல்ல சறுக்குமரம். தப்பித்தவறி ஏறிவிட்டால், பைக்கைத் தடுக்க நட்ட மூன்று இரும்புக் கம்பங்கள். பைக் வளைந்து நெளிந்து போய்விடுகிறது. நாற்காலிக்கு அந்த வித்தை தெரியாது.

மறுபடி மனு. 'பணி முடிந்தது, புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. நடுரோட்டில், ஹார்ன் அடித்த பஸ்ஸுக்கு வழிவிட்டபடி அதைப் படித்தேன்.