சோகம் இல்லாத போலீஸுக்கு கேஸ் கிடையாது

தமிழ் சினிமாவில் சைக்கோ கொலைகாரனைத் தேடும் போலீஸ் அதிகாரிக்குச் சொந்தத் துக்கம் கட்டாயம். ‘வேட்டையாடு விளையாடு’வில் (2006) மனைவி, ‘யுத்தம் செய்’யில் (2011) தங்கை, ‘ராட்சச’னில் (2018) அக்கா மகள். குடும்பம் முழுசாக இருந்தால் கேஸ் கொடுக்க மாட்டார்கள் போல.

இந்தச் சோக அதிகாரிகள் யாரும் வடசென்னையில் எங்கள் வியாசர்பாடி பக்கம் ஜீப்பைத் திருப்புவதில்லை. மூளைக்கார கொலையாளி, வயலின் இசையெல்லாம் வேறு ஏரியாவுக்கு. எங்களுக்கு அருவா தூக்கும் ரவுடி வேடம்தான். நிஜத்தில், ஆறு கொலைகளுக்காக 1995-இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கரின் விலாசம் தென்சென்னையின் திருவான்மியூர். அதற்காக அந்த ஊரை யாரும் கொலைகாரப் பேட்டை என்பதில்லை, சொல்லவும் கூடாது. அந்த மரியாதையில் பாதியாவது இந்தப் பக்கம் வரட்டும்.

டைரக்டர் சார், லொகேஷன் பார்க்க வந்தால் இங்கே ஃபுட்பால் ஆடும் பிள்ளைகளையும் பாருங்கள். மழை நாளில் மட்டும் கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக வராதீர்கள், ஜீப் மூழ்கிவிடும்.