தீப்பெட்டி லேபிளும் பிரிட்ஜ் பேட்டர்னும்: ஓர் உரை

மென்பொருள் சாத்திரத்தில் நால்வர் என்றால் சைவ நால்வர் அல்லர். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடெஸ். 1994இல் இவர்கள் தொகுத்த 23 வடிவமைப்பு முறைகளில் கட்டமைப்பு வகையைச் சேர்ந்தவை ஏழு. அவற்றில் ஒன்று பிரிட்ஜ். வெளியே தெரியும் முகமும் உள்ளே வேலை செய்யும் உறுப்பும் தனித்தனியே மாறலாம், ஒன்று மாறினால் மற்றது அசையக் கூடாது என்பது அதன் விதி. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்கள் கம்ப்யூட்டரைக் கண்ணால் காணுமுன்பே இதைக் கடைப்பிடித்தன என்பது இவ்வுரைகாரன் துணிபு.

லேபிள் முகம், குச்சி உறுப்பு. குச்சி மரமாகவும் இருக்கலாம், மெழுகு தோய்த்த காகிதமாகவும் இருக்கலாம். 20 லேபிளுக்கும் இரண்டு குச்சிக்கும் விதி அறியாதவன் 40 ஆபீஸ் கட்டுவான். அறிந்தவன் 20 கட்டு லேபிள் அச்சடித்துக்கொண்டு, இரண்டு வகைக் குச்சியோடு நிறுத்திக்கொள்வான். "மயில் படம் போட்டதுதான் வேணும், மத்ததெல்லாம் நமத்துப்போகும்" என்று கடையில் அடம்பிடிக்கும் பெரியவருக்கு, மத்ததும் அதே ஆபீஸ் சரக்காக இருக்கலாம் என்பது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குச் சாத்திரத்தில் தகவல் மறைப்பு என்று பெயர். குற்றமன்று, குணம்.

இரண்டுக்கும் நடுவே ஒரே ஒப்பந்தம்: உரசினால் பற்ற வேண்டும். எழுதியவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1844இல் குஸ்தாஃப் எரிக் பாஷ் காப்புரிமை பெற்ற வழியில் சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கத்துக்குப் போனது. குளோரேட் குச்சித் தலையிலேயே நின்றது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தபின், மழை பொய்த்தாலும் வெயில் பொய்க்காத கரிசல் காட்டில் குச்சி நன்றாகவே காய்ந்தது.

நமத்த குச்சியைத் தலைமுடியில் தேய்த்து உரசுவதும் பிரிட்ஜோ எனின், அன்று, அது அடாப்டர். பிரிட்ஜ் கட்டும்போதே போடுவது. அடாப்டர் மாட்டிக்கொண்டபின் தேடுவது.

உள்ளிருப்பது வெளியே கசியலாகாது என்பது துணைவிதி. 2021இல் கசிந்தது. பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் விலையேறி, 14 ஆண்டு ஒரு ரூபாயில் நின்ற பெட்டி டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது.

லைட்டர் செய்த வேலை வேறு. அது ஒப்பந்தத்தையே மாற்றிவிட்டது. 'உரசு' போய் 'அழுத்து' வந்தது. இதற்கு நால்வர் நூலில் பரிகாரம் இல்லை. 2023 ஜூனில் ஒன்றிய அரசு 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதிக்குத் தடை போட்டது.