கண் சிமிட்டிய பல்லிமுகத்தான்

முந்தாநாள் இரவு பல்லிமுகத்தான் கண் சிமிட்டினான்.

எண்பதுகளின் நடுவிலே அவனை முதன்முதல் பார்த்த நாள் தொட்டு ஒருகாலும் அவன் கண் சிமிட்டியவனல்லன். 'ஸ்ரார் ட்ரெக்' தொடரில், 1967 ஜனவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'அரீனா' என்னும் அத்தியாயத்திலே, கப்பல் தலைவன் கேர்க்கோடு ஒற்றைக்கு ஒற்றை பொரும் அந்தக் கோர்ன் இனத்து வீரன், கலிபோர்னியப் பாறைகளுக்கிடையில், கனத்த ரப்பர் உடுப்பினுள்ளே ஒரு மனிதன் வெந்துகொண்டிருக்க, வெள்ளியாய் மினுங்கும் பெருங்கண்களை இமையாது விழித்தபடி, அடிமேல் அடி வைத்துத் தள்ளாடி வருவானே, அந்த இமையாமையிலன்றோ அவனுடைய கம்பீரம் அத்தனையும் தங்கியிருந்தது? தேவர்களுக்கு இமை அசையாது என்பதை அறிந்தல்லவா தமயந்தி சுயம்வர மண்டபத்தில் நளனைப் பிரித்தறிந்தாள்? அப்பேர்ப்பட்ட தேவலட்சணத்தை, 2006 ஆம் ஆண்டு தொடங்கி இத்தொடரைப் புதுக்குகிறோம் என்று புறப்பட்ட மகாநுபாவர்கள், கணினியால் இரண்டு இமைகளை வரைந்து ஒட்டிப் பாழாக்கிவிட்டார்கள். யார் கேட்டார்கள்?

மனம் வெதும்பிப் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். ரொறன்ரோவிலிருந்து ஆடி அமாவாசைக்கென்று வந்திருந்த என் அக்காளின் மகன் அதிலே காலை மடித்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் புள்ளி இட்டுக்கொண்டிருந்தான். காலையில் கீரிமலைக் கேணியில் முழுகித் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் கழித்த பிள்ளை, மாலையில் மாமனோடு இருந்து பழைய தொடர் பார்க்கிறானே என்று என் உள்ளம் குளிர்ந்திருந்த வேளை அது. "எத்தினை தம்பி?" என்றேன். "ஐஞ்சுக்கு மூண்டரை, மாமா," என்றான். அந்த அரை எதற்கு என்று கேட்டேன். "பல்லி கண் வெட்டினதுக்கு. அது மட்டும்தான் கொஞ்சம் உண்மையாக் கிடக்கு," என்றான்.

அந்த அத்தியாயம் ஐந்துக்கு ஐந்தும் பெறத் தக்கதென்பதற்கு அசைக்க முடியாத காரணம் ஒன்று என்னிடம் உண்டு. அதை நிறுவும் பொருட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன். ஆயினும் அதற்கு முன்னர், பழைய தொடர்களைத் திரும்பப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும் நம்மவர்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை.

நமக்குக் கதை வேண்டியதில்லை; அது மனப்பாடம். நமக்கு வேண்டியது பிழை. தொடருக்கு வெள்ளோட்டமாக இரண்டாம் முறை எடுத்த அத்தியாயத்தில், கேர்க்குக்கென்று எழும்பும் கல்லறைக் கல்லிலே அவன் பெயரின் நடுவெழுத்து 'ஆர்' என்று பொறித்திருக்கும். பின்னர் தொடர் முழுவதிலும் அவன் 'ரி'. இந்த ஒன்றைத் தன் கண்ணால் கண்டுபிடித்தவன் அடையும் ஆனந்தம், புதுக்கிரகம் கண்டவனுக்கும் வாய்க்குமோ என்பது சந்தேகம். கப்பலைக் கிரகந்தோறும் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாமையினாலேதான் தொடரைப் படைத்த ஜீன் ரொடன்பெரி, ஆளைத் துகளாக்கி ஒளியாய் இறக்கும் பொறியைச் சிருஷ்டித்தார் என்னும் அரிய தகவலை, புதிதாய்ப் பார்க்க வந்த அப்பாவிகள் ஒவ்வொருவர் காதிலும், அந்தப் பொறி இயங்கும் தருணம் பார்த்து, நாம் ஓதாமல் விடுவதில்லை. அவர்கள் மறுநாள் வருவதில்லை. அதனால் நமக்கு நட்டமுமில்லை. அடுத்த பாறை எந்தெந்த அத்தியாயங்களில் முன்னமே வந்தது என்பதைத் தனியே இருந்து சொல்லிக்கொள்வோம்.

என் மருமகன் பிழை பிடிப்பதில்லை. புள்ளி மட்டும் இடுகிறான். எங்கள் காலத்திலோ படம் தெரிந்தாலே ஐந்துக்கு ஐந்து. தூர்தர்சன் இத்தொடரை ஞாயிறு காலைகளில் காட்டிய அந்நாளில், கடலுக்கு இக்கரையில் இருந்த நாங்கள், நெடுங்குழாய் ஒன்றின் உச்சியில் அன்ரனாவைக் கட்டி, ஒருவன் குழாயடியில் நின்று அதைத் திருப்ப, ஒருவன் முற்றத்தில் நின்று செய்தியைக் கடத்த, ஒருவன் உள்ளே இருந்து "வருகுது, வருகுது... ஐயோ போட்டுது" என்று கூவ, இவ்வாறு மூவர் பிரயத்தனத்தால் பெற்ற படத்தில் பாதி நேரம் வெள்ளைப் புள்ளிகளே பொழியும். அவற்றினூடே கேர்க்குக்கு அடுத்த அதிகாரியான ஸ்பொக்கின் காதுக் கூர் தெரிந்துவிட்டால் வளவு முழுவதும் ஆரவாரிக்கும். சூறாவளியில் அகப்பட்டது கேர்க்கின் கப்பலா, எங்கள் அன்ரனாவா என்று தீர்மானிக்கவொண்ணாத அத்தியாயங்கள் பல இருந்தன. இன்று அவற்றைத் துலக்கமாகப் பார்க்கையில் சூறாவளியே இல்லை என்று கண்டு எனக்குப் பெரும் ஏமாற்றம். 1990 இல் ஊர் முழுவதும் பெயர்ந்தபோது அந்தக் குழாயும் போயிற்று, வீடும் போயிற்று. திரும்பி வந்தபோது கிணறு இருந்தது.

விண்வெளிக் கற்பனைக்கும் இலங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று மருமகன் இடையிலே ஒரு கேள்வி கேட்டான். பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்களால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945 இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இந்நாட்டில் வாழ்ந்து 2008 இல் கொழும்பில் மறைந்தவர் என்பதை அவனுக்கு எடுத்துரைத்தேன். 1975 இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிப் பரீட்சித்த சந்தர்ப்பத்தில், இந்தியப் பொறியியலாளர்கள் அவருடைய கொழும்பு இல்லத்துக்கே வந்து பெரிய தட்டொன்றை நிறுவிக் கொடுத்தார்கள்; இலங்கைக்கென்று தொலைக்காட்சி 1979 இலேதான் வந்தது. இந்தியாவிலிருந்து அவருக்கும் படம் வந்தது, எங்களுக்கும் வந்தது. அவருக்கு முற்றத்தில் ஆள் நிறுத்த வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே பேதம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் தூர்தர்சனில் தொடராக வந்ததுண்டு. ஜீனோ என்னும் இயந்திர நாயின் வாய்ச்சாதுரியத்தை நான் நாவலில் படித்தேனேயன்றித் திரையில் காணக் கொடுத்து வைக்கவில்லை. ஆகையால் அதற்குப் புள்ளி இல்லை.

மருமகனுக்கோ பல்லிமுகம் உண்மையாக இல்லையாம். கீரிமுகம் படைத்த நகுலமுனிவர் நீராடி முகம் திருந்தப்பெற்ற தீர்த்தத்தில் அன்று காலையிலேதான் முழுகி எழுந்தவன் பேசும் பேச்சா இது? குதிரைமுகத்தோடு வந்து முழுகிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, அம்முகம் நீங்கப்பெற்ற நன்றியால் மாவிட்டபுரத்துக் கோயிலை எழுப்பினாள் என்னும் ஐதிகத்தைப் பாலோடு பருகி வளர்ந்த ஊரில், பிறகிரகவாசி ஒருவன் பல்லிமுகத்தோடு வந்தால் அது ஒரு விசேஷமா? அவனை முதன்முதல் பார்த்த நாளில் எங்கள் வளவில் ஒருவரும் சிரிக்கவில்லை. "பாவம், ஒருக்கால் இஞ்சை வந்து முழுகினானெண்டால் சுகப்படும்," என்று என் ஆச்சி வெற்றிலையை மடித்தபடி சொன்னதுதான், அந்த அத்தியாயத்தைப் பற்றி இன்றளவும் வெளிப்பட்ட விமர்சனங்களுள் தலையாயது என்பது என் துணிபு.

இனி, எனக்கு நெடுங்காலமாக ஆறாத ஒரு விஷயத்தைப் பிரஸ்தாபிக்க வேண்டும். எந்தக் கிரகத்தில் எந்த அபாயம் என்றாலும், கப்பலின் தலைவனும், அவனுக்கு அடுத்த அதிகாரியும், தலைமை வைத்தியரும் ஒருமிக்க இறங்கிப் போய்விடுகிறார்கள். கப்பலில் 430 பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாரும் என்ன செய்கிறார்கள்? யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்து இளைப்பாறிய நான் இதை எவ்வாறு சகிப்பேன்? நெடுந்தீவில் இனந்தெரியாத உயிரினம் ஒன்று நடமாடுவதாகக் கச்சேரிக்குச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். (அது அங்கே காலங்காலமாக மேயும் மட்டக்குதிரைகளுள் ஒன்றாகவும் இருக்கலாம், அது பின்னர் தெரியவேண்டிய சங்கதி.) அரசாங்க அதிபர், மேலதிக அரசாங்க அதிபரையும் மாவட்டத்துப் பெரிய வைத்தியரையும் அழைத்துக்கொண்டு, கச்சேரியைப் பியோனிடம் ஒப்புவித்துவிட்டு, குறிகட்டுவானில் வள்ளம் ஏறிவிடுவாரா? மாட்டார். முதலில் ஒரு கோவை திறக்கப்படும். கோவைக்கு இலக்கம் வேண்டும். இலக்கம் இடுபவர் லீவில் இருப்பார். அவர் வந்தபின் கோவை பிரதேச செயலாளருக்கு அறிக்கைக்காகப் போகும். அவரிடமிருந்து கிராம சேவையாளருக்குப் போகும். அவர் சென்று பார்த்து, உயிரினம் எதுவும் காணப்படவில்லை என்றும், குடிதண்ணீர்ப் பிரச்சினை மாத்திரம் காணப்படுகின்றது என்றும் மூன்று பிரதியில் எழுதுவார். அடுத்து, அந்த உயிரினம் எந்தத் திணைக்களத்தைச் சாரும் என்னும் தர்க்கம் எழும். நாலு காலிருந்தால் கால்நடைத் திணைக்களம். இரண்டு காலும் ஒரு கப்பலும் இருந்தால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். கால்களின் தொகை அறிக்கையில் குறிப்பிடப்படாமையால் கோவை திரும்பி வரும்.

தவறிப்போய் அதிபர் தாமே புறப்பட்டார் என்றாலும் காரியம் இலேசானதன்று. பதில் கடமைக்கு ஆள் நியமிக்க வேண்டும். கேர்க்கோ, "ஸ்கொட், கப்பல் உம்முடைய பொறுப்பு," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒளியாய்க் கரைகிறான். கடிதம் இல்லை, பொருட்பதிவேடு ஒப்படைப்பு இல்லை, சாவிக்கொத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை. பிரயாணப்படிக்கு எந்தக் கணக்கைக் காட்டுவான்? ஒளியாய்க் கரைந்தவனுக்குக் கிலோமீற்றர் உண்டா? போகும்போது முழு ஆளாகப் போய், திரும்பும்போது நன்மை கேர்க், தீமை கேர்க் என்று இரண்டு ஆளாக வந்து சேர்ந்த அத்தியாயமும் ஒன்று உண்டு. அந்த மாதம் சம்பளப் பட்டியல் எழுதிய பாவி யாரோ! இருவரும் கையொப்பமிட்டிருந்தால் கணக்காய்வு ஐயவினா வராதிருக்குமா? வரும். நான்காண்டு கழித்து, எழுதியவன் இளைப்பாறும் தறுவாயில் வரும்.

சிவப்புச் சட்டைப் பையனை நான் இன்னும் தொடவில்லை. அதிகாரிகள் மூவரோடும் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஓர் இளைஞன் இறங்குவான்; சிவப்புச் சட்டை அணிந்திருப்பான்; முதல் விளம்பர இடைவேளைக்கு முன்னமே இறந்துபோவான். சிலவேளை பிரேதமும் மிஞ்சாது. 1968 இல் வந்த ஓர் அத்தியாயத்தில் இருவரைக் கைக்குள் அடங்கும் வெண்கட்டிகளாகச் சுருக்கி, அவற்றுள் ஒன்றைப் பிடியிலே நொறுக்கிப் பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடியைப் பார்த்து மரணவிசாரணை அதிகாரி கையொப்பமிடுவாரா? மரண அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் எவ்வாறு கிடைக்கும்? அவன் பெற்ற இடர்க்கடனுக்குப் பிணை நின்ற இருவர் கதி என்ன? இவையெல்லாம் போகட்டும். அத்தியாயம் முடியும் தறுவாயில், கப்பலின் மேற்றளத்தில் மூன்று அதிகாரிகளும் நின்று ஏதோ பகிடி விட்டுச் சிரிக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இறந்தவனுக்கு எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்தியேட்டிக்கென்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் கீரிமலையில் இருந்துகொண்டு அந்தச் சிரிப்பைப் பார்ப்பது எளிதான காரியமன்று. நான் எழுந்து போய்த் தேத்தண்ணீர் போடச் சொல்வேன்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த இல்லாள் திரையைச் சற்று நின்று பார்த்து, "இஞ்சாருங்கோ, உந்தக் கப்பலிலை ஆர் சமைக்கிறது?" என்றாள். உணவு சுவரில் உள்ள பொறியிலிருந்து வரும் என்றேன். "அப்ப ஆர் கோப்பை கழுவுறது?" என்றாள். அதற்குத் தொடரில் விடை இருப்பதாகத் தெரியவில்லை. மருமகன் அதையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

'அரீனா'வுக்கு வருவோம். ஐந்துக்கு ஐந்தும் ஏன் என்றால், அதன் இறுதியில் கேர்க், மூங்கிற் குழாயில் கந்தகமும் கரியும் வெடியுப்பும் இட்டு, வைரக்கற்களைக் குண்டாக்கிச் சுட்டு வீழ்த்திய பின்பும், எதிரியைக் கொல்லாது விடுகிறான். இது எல்லாருக்கும் தெரிந்ததே. நான் சொல்ல வந்த காரணம் இதுவல்ல. அதைச் சொல்லவேண்டுமானால் மூன்றாம் ஆண்டின் முதல் அத்தியாயத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்லவேண்டும். 1968 செப்டெம்பர் 20 இல் வந்த 'ஸ்பொக்கின் மூளை'யைத்தான் குறிப்பிடுகிறேன். உலகத்து விமர்சகர்கள் ஒருவர் தவறாமல் கீழ்வகுப்பில் உட்கார்த்தி வைத்திருக்கும் அத்தியாயம் அது. ஸ்பொக்கின் மூளையை ஒரு பெண் களவாடிப்போய் நிலத்தின் கீழுள்ள ஒரு நகரத்தை நடத்துவதற்குப் பூட்டிவிடுகிறாள். மூளையை இழந்த ஸ்பொக்கை, வைத்தியர் கையிலுள்ள பொத்தான் பெட்டி ஒன்றினால் நடக்கவும் திரும்பவும் வைத்து, கடமைக்கு அழைத்துச் செல்கிறார்கள். மருமகன் இதற்கு அரைப் புள்ளி இட்டான், நம்ப முடியவில்லையாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் சொல்லுகிறேன்: 79 அத்தியாயங்களுள் யதார்த்தம் மிக்கது அதுதான். ஐந்துக்கு ஐந்து.