பவளத்தின் ஊடல்

வள்ளுவர் தம் நூலின் கடைசி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கென்றே ஒதுக்கி, முப்பது குறட்பாக்களில் அதன் நெளிவு சுளிவுகளையெல்லாம் ஆராய்ந்து வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு வெகு காலமாகப் பெருமை உண்டு. ஆயினும், கண்ணாடித் தொட்டிக்குள் வாழும் பவளம் ஒன்று முகத்தைச் சுருக்கிக்கொண்டால் மனிதன் செய்யத்தக்கது என்ன என்பதற்கு அந்த முப்பதில் ஒரு குறளும் கைகொடுக்கவில்லை என்பதைச் சென்ற வருஷம் சொந்த அனுபவத்தில் கண்டுகொண்டேன்.

தொட்டி என்னுடையதன்று. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளத்துக்கு அதை நிறுவி, இரண்டு வருஷ காலம் கண்ணும் கருத்துமாகப் பேணி வந்த என் மகன், உத்தியோக நிமித்தம் பெர்த் நகருக்குப் புறப்பட்டபோது, ஊருக்குப் போகும் குடியானவன் கன்றுக்குட்டியை அண்டை வீட்டுத் தொழுவத்தில் கட்டிவிட்டுப் போவதுபோல, அதை எங்கள் வசம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினான். "அப்பா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்; பார்த்துக்கிட்டா மட்டும் போதும்" என்பது அவன் கடைசியாகச் சொன்ன வார்த்தை. முப்பத்தைந்து வருஷம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவருக்கு ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது கைவந்த கலையாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பியிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற மறுநாளே மனிதனுக்கு எதையாவது செய்து தீர வேண்டுமென்ற வெறி பிடித்துவிடும் என்பதை அந்தப் பிள்ளை அறியான்.

பவளம் என்றால் நம்மவர்களுக்கு நவரத்தினங்களுள் ஒன்று. "கல்யாணமான புதுசிலே ஒரு பவள மாலை கேட்டேன். முப்பத்தெட்டு வருஷம் கழிச்சுப் பவளம் வீட்டுக்கு வந்திருக்கு, கழுத்திலே போட்டுக்கத்தான் முடியாது" என்றாள் என் மனைவி. அது கல்லுமன்று, பூவுமன்று, ஒரு பிராணி என்று 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்டு எழுதியபோது, பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அதை எடுத்துரைத்த ரெயமூர் என்ற பேரறிஞர், இப்படிப்பட்ட அபிப்பிராயத்தைச் சொன்னவரின் மானம் போய்விடக்கூடாதே என்று அவர் பெயரை வெளியிடாமலே விட்டாராம். ஆனால் வைத்தியர் சொன்னதுதான் உண்மை. சின்னஞ்சிறு ஜீவன்கள் பல ஒட்டி வாழும் கூட்டுக் குடும்பம் அது. தன் சதைக்குள் நுண்ணிய பாசிகளைக் குடிவைத்து, அவை வெளிச்சத்தில் சமைக்கும் உணவை வாடகையாக வாங்கிச் சாப்பிட்டுக் காலம் தள்ளுகிறது.

வாடகையில் வாழ்ந்தாலும் அதன் தோரணை ஜமீன்தாருடையது. தண்ணீர் 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு குளிர்விப்பான் இரவு பகலாக உறுமிக்கொண்டு, தொட்டியிலிருந்து வாங்கிய உஷ்ணத்தையெல்லாம் எங்கள் கூடத்தில் கொட்டிவிடும். பவளம் குளுகுளுவென்று இருக்க, நாங்கள் இருவரும் 32 டிகிரியில் விசிறிக்கடியில் வியர்த்துக்கொண்டிருப்போம். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் குடியிருந்துகொண்டே, கடலுப்பைக் கலவையாக வாளிக் கணக்கில் விலைக்கு வாங்கி, குழாய் நீரிலுள்ள குளோராமினைப் போக்கி வடிகட்டி, லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்து, கடலை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டிருந்தோம்.

இவ்வளவு உபசாரம் நடந்துகொண்டிருக்கையில், ஒரு வியாழக்கிழமை காலையில், தொட்டியின் நட்டநடுவே கொடைக்காளான் போல விரிந்து, தலை நிறைய நாற்றங்கால் போன்ற மெல்லிய விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும் தோல் பவளமானது, விரல்களை ஒன்றுவிடாமல் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலெல்லாம் மெழுகு பூசினாற்போல் மினுங்க, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மறுநாளும் அப்படியே. மகனிடம் சொல்லலாம்தான், ஆனால் ஒப்படைத்த இரண்டாம் மாதத்திலேயே தகப்பன் தோல்வியை ஒப்புக்கொள்வது கௌரவக் குறைவாகத் தோன்றிற்று. ஆகவே அவனைத் தவிர ஏனைய உலகம் முழுவதையும் விசாரித்தேன்.

மீன் கடைப் பெரியவர் என் கைப்பேசியிலிருந்த படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, இது அண்டை அயலார் சண்டை என்றார். தோல் பவளம் தன் பக்கத்தில் வேறு பவளம் வளராதபடி நீரில் நஞ்சைக் கசியவிடும் சுபாவமுடையதாம். அதைக் கரியால் உறிஞ்சி எடுக்க வேண்டுமாம். கரியை அவரே விற்றார். மேல்மாடியில் வசிக்கும் நண்பர், கப்பலில் உத்தியோகம் பார்த்தவர், தொட்டியை வந்து பாராமலே, மின்தூக்கிக்குள் நின்றபடியே, "உப்பு குறைஞ்சிருக்கும், சார்" என்று தீர்ப்பளித்தார். டார்வினும் உண்மையான பவளத்திட்டு ஒன்றையும் கண்ணால் காண்பதற்கு முன்பே, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தவாறே, அவை உண்டாகும் விதத்தைப் பற்றிய தம் சித்தாந்தத்தை வகுத்துவிட்டார். 1842-இல் அது புத்தகமாயிற்று. 1952-இல் எனிவெடாக் தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே, அவர் சொன்னபடியே எரிமலைப் பாறை அகப்பட்டது. டார்வினுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எங்கள் மேல்மாடி நண்பருக்கு வாய்க்கவில்லை. உப்புமானி 33 என்று காட்டியதைக் கண்டு நான் உப்பைக் கூட்டினேன். சுத்த நீரை வைத்தால் அந்தக் கருவி பூஜ்யத்துக்கும் கீழே போய் நிற்கிறது என்பதும், அதாவது சரியாக 35-இல் இருந்த கடலை நான் 37-க்குக் கரித்துவிட்டேன் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

உப்பில் குணம் தெரியாமற்போகவே காரத்தன்மையைச் சோதிக்கப் புகுந்தேன். கண்ணாடிக் குப்பியில் தொட்டி நீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் எந்தச் சொட்டில் ரோஜா நிறமாக மாறுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு நிறங்கள் ஏழுதான், அதுவும் வானவில் உபயம். என் மனைவிக்கோ புடவைக் கடைகளின் புண்ணியத்தில் எழுபது தெரியும். "மாறிவிட்டது" என்றேன் நான். "இது ரோஜாவா? கத்தரிப்பூ கலர்ங்க, இன்னும் ரெண்டு சொட்டு விடுங்க." விட்டேன். "இப்போது?" "இப்ப வெங்காயத் தோல் கலர். அவன் அட்டையிலே போட்டிருக்கிறது இது இல்லை." எங்கள் இருவருக்கும் ஊடல் மூண்டு, குப்பி கை தவறி, கடைசியில் என் கணக்கின்படி காரத்தன்மை ஏழு என்று சங்கற்பித்துக்கொண்டு, அதை உயர்த்துவதற்குச் சமையலறையிலிருந்து ஆப்பச்சோடாவை எடுத்துவந்து கரைத்து ஊற்றினேன். இதற்கு ஆப்பச்சோடாவை உபயோகிப்பது அனுபவசாலிகளின் வழக்கமே. ஆனால் அவர்கள் பல நாளில் சிறுகச் சிறுகச் சேர்ப்பதை நான் ஒரே இரவில் சேர்த்துவிட்டேன். மறுநாள் நீர்விசைப் பம்பைத் திருப்பி வைத்தேன். அதற்கு மறுநாள் விளக்கை ஒரு சாண் உயர்த்தினேன். அதற்கும் மறுநாள் கடைக்காரர் கொடுத்த கரியைப் பையோடு போட்டேன்.

தோல் பவளம் அசையவில்லை. ஆனால் அதுவரை பட்டுக் குஞ்சம்போல் விரிந்து சௌக்கியமாக இருந்த சுத்தியல் பவளம் தன் கல்லுக்குள் ஒடுங்கிக்கொண்டது. பக்கத்திலிருந்த பொத்தான் பவளங்கள் கடை சாத்தின. கோமாளி மீன் தம்பதிகள் பம்புக்குப் பின்னால் தஞ்சம் புகுந்தனர். ஒரு நோயாளி இருந்த ஆஸ்பத்திரியில், என் வைத்தியத்தின் மகிமையால், இப்போது எல்லாரும் நோயாளிகள்.

ஒன்பதாம் நாள் காலையில் காப்பி டம்ளருடன் தொட்டியருகே நின்ற என் மனைவி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். தோல் பவளத்தின் மேலிருந்து, ஆறிய பாலின் ஆடையைப் போல, மெல்லிய படலம் ஒன்று ஓரம் கிழிந்து, நீரோட்டத்தில் படபடவென்று ஆடி, மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. அது போன இடத்தில், கழுவித் துடைத்த முகத்தைப் போல் வெளுப்பான தோலும், அதில் முளைகட்டிய பயறு போல எட்டிப் பார்க்கும் சிறு விரல்களும் தெரிந்தன. இனி மறைக்க முடியாதென்று மகனுக்குப் படம் அனுப்பினேன். "அப்பா, அது தோல் உரிக்குது. மேலே படிஞ்ச பாசியையும் அழுக்கையும் அப்பப்ப இப்படித்தான் உரிச்சுப் போடும். நீங்க எதுவும் செய்யலையே?" என்று பதில் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "அது பாவம், எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுக் குளிக்க உட்கார்ந்திருக்கு. நீங்கதான் ஒன்பது நாளா வெளியே நின்னு கதவைத் தட்டிக்கிட்டே இருந்திருக்கீங்க."

இந்தச் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கலங்கிய கடலில், இத்தனை கப்பல்களின் நடுவே, 250-க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் வாழ்கின்றன. அவற்றுக்கு ஒருவரும் ஆப்பச்சோடா கரைத்து ஊற்றியதாகத் தெரியவில்லை. பேசாமல் இருப்பவரெல்லாம் வருத்தத்தில் இருக்கிறார்கள் என்றும், அந்த வருத்தத்துக்கு நாமே காரணம் என்றும், ஆகையால் நாமே மருந்து என்றும் எண்ணிக்கொள்வது அன்பைப் போலத் தோன்றினாலும், அதில் முக்கால் பங்கு அகங்காரம்.

பவளம் வளர்க்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது: முதலில் கருவியைச் சோதியுங்கள், பிறகு நீரைச் சோதியுங்கள், மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும், அதுவும் கொஞ்சமாக மாற்றி ஒரு வாரம் பொறுங்கள், தோல் பவளம் மினுமினுத்துக்கொண்டு தலை கவிழ்ந்தால் அதுகூட வேண்டாம். நான் கரித்த கடலைச் சிறுகச் சிறுக மாற்றி, சுத்தியல் பவளம் வெளியே தலைகாட்டப் பன்னிரண்டு நாளாயிற்று. ஆப்பச்சோடா டப்பா இப்போது என் மனைவியின் பீரோவில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில்.