எஞ்சின் மாற்று நூல்: கரியாஹாட் சந்தொன்றில் நடந்த அரவேலை பற்றிய ஆய்வுரை

பாயிரம்

பழைய மோட்டார் சைக்கிளில் வேறு எஞ்சின் ஏற்றும்போது முதலில் அரம் எதன்மேல் பாயும்? இந்த வினாவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி ஒதுக்காது. ஆகவே இவ்வாய்வு மண்குவளைத் தேநீர்ச் செலவில், கொல்கத்தாவின் கரியாஹாட் பகுதியில், ஒரு சந்துக்குள் மடக்கு நாற்காலி போட்டு நடத்தப்பட்டது. ஆய்வாளனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். வேலை தெரிந்தவன் ஆய்வு செய்யமாட்டான்; வேலையை முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவான்.

பவணந்தி முனிவர் பழையது கழிவதையும் புதியது புகுவதையும் குற்றமாகக் கொள்ளவில்லை. நன்னூலின் கடைசி நூற்பாவில் தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அந்தத் தாராளம் கிடையாது. தயாரித்தவர் முதலில் சொன்ன விவரத்திலிருந்து வண்டி விலகக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றங்களை எண்ணத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பதுதான் நம் சிக்கல். ஒரு வாசரைக் கூடுதலாகப் போட்டால் அது ஒன்றா, அல்லது அந்த வாசருக்காகத் தேய்த்த போல்ட்டையும் சேர்த்து இரண்டா?

களமும் பொருளும்

கரியாஹாட்டில் கிடைக்காத பொருள் இல்லை என்பது வட்டாரத்தாரின் நம்பிக்கை. தாந்த் சேலையும் தலையணை உறையும் நடைபாதையிலேயே கிடைக்கும். சந்தைக்குள் போனால் இலிஷ் மீன், கோல்பார்க் பக்கம் நடந்தால் பழைய புத்தகம். காப்பிப் பொடியும் வாழையிலையும் வேண்டுமென்றால் ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே போய் லேக் மார்க்கெட். அங்கே தமிழ் காதில் விழும். ஆனால் 1962க்கு முந்தைய புல்லட்டின் டூல்பாக்ஸ் மூடி கரியாஹாட்டில் கிடைக்காது. அதற்கு மல்லிக் பஜார் போக வேண்டும். சென்னையில் கழற்றியதெல்லாம் புதுப்பேட்டைக்குப் போய்ச் சேரும். கொல்கத்தாவில் மல்லிக் பஜாருக்கு.

1962 என்ற ஆண்டு முக்கியம். ரெடிட்ச் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் விலைக்கு வந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. அதற்கு முந்தைய வண்டியில் இங்கிலாந்து இரும்பு எது, திருவொற்றியூர் இரும்பு எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. காது உள்ளவர்கள் தட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். தட்டியவர்கள் எல்லோரும் வெவ்வேறாகச் சொல்கிறார்கள்.

நம் ஆய்வுக்குரிய வண்டி அந்தக் காலத்தது. தொண்ணூறுகளில் அது டீசலுக்கு மாறியது. அந்தப் பத்தாண்டில் அது அவமானமல்ல. 1993இல் என்ஃபீல்டே டீசல் மோட்டார் சைக்கிள் விற்றது: 325 சிசி, ஆறரைக் குதிரைத் திறன். 346 சிசி பெட்ரோல் புல்லட் தருவதில் பாதிகூட இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு வாங்கியவர்கள் மணிக்கு எத்தனை என்று கேட்கவில்லை. கம்பெனி செய்ததைச் சந்தும் செய்தது. பம்புசெட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பிறந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பெட்ரோல் புல்லட்டுகளின் வயிற்றில் ஏறின.

இப்போது அதே வண்டியை மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புகிறார்கள். தூண்டியது 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதி. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிதாகக் கை வைக்கப்படாத வண்டிக்குத் தனி ‘விண்டேஜ்’ பதிவு. நம்பர் பிளேட்டில் மாநிலக் குறிக்கு அடுத்து ‘விஏ’ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். வண்டிக்குச் சொந்தக்காரரான மேசோமொஷாய் (வங்காளத்தில் சித்தப்பா முறை) இதைச் செய்தித்தாளில் படித்த அன்றே மாடிப்படிக்கு அடியில் சாக்குப் பையைத் தேடினார். பழைய எஞ்சின் அதில் முழுசாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த பாகங்கள் இல்லை. இந்த ஒரு செய்தியிலிருந்துதான் நம் கருதுகோள் பிறக்கிறது.

முன்னோர் செய்த ஆய்வு

கொல்கத்தாவின் முதல் எஞ்சின் மாற்றம் ட்ராமில் நடந்தது. 1873இல் குதிரை இழுத்தது. 1882இல் நீராவியைப் பூட்டிப் பார்த்தார்கள். 1902இல் மின்சாரம் வந்தது. குதிரையை அவிழ்த்துவிட்டதோடு வேலை முடிந்ததா என்றால், இல்லை. மீட்டர் கேஜாக இருந்த தண்டவாளத்தையே பெயர்த்து ஸ்டாண்டர்டு கேஜாகப் போட வேண்டியிருந்தது. இழுப்பதை மாற்றினால் பக்கத்தில் சும்மா கிடப்பது அடி வாங்கும் என்பதற்கு இந்நகரில் இதைவிடப் பெரிய சான்று இல்லை.

டெல்லியில் இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டேவிட்சன்களின் பின்னால் கூண்டு கட்டி ‘பட்பட்டி’ என்று ஓட்டினார்கள். எஞ்சின் ஓய்ந்தபின் டீசலை ஏற்றினார்கள். 1998இல் புகைக்காக நிறுத்தப்பட்டபோது அதில் ஹார்லி என்று சொல்ல முன்பக்கம்தான் மிஞ்சியிருந்தது. சௌராஷ்டிரத்தின் ‘சக்டா’வுக்கு முன்பாதி புல்லட், பின்பாதி சுமைவண்டி, ஓட்டுவது டீசல் எஞ்சின். சுந்தரவனத்தில் நாட்டுப் படகில் பம்பு எஞ்சினை வைத்து, அது எழுப்பும் ஓசையாலேயே ‘பொட்பொட்டி’ என்கிறார்கள். அந்தப் பக்கத்து மீனும் இறாலும் கேனிங் லோக்கலில் பாலிகஞ்ச் ஸ்டேஷன் வந்து கரியாஹாட் சந்தைக்கு ஏறுகின்றன. ஆகவே இங்கே எஞ்சின் மாற்றத்தைக் கொள்கையளவில் எதிர்ப்பவர்கள் மதியம் அதன் பலனைச் சோற்றில் பிசைந்து உண்கிறார்கள்.

இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்கு மரியாதையே வேறு. நார்ட்டனின் ஃபெதர்பெட் சட்டத்தில் (ஃபிரேமில்) ட்ரையம்ஃப் எஞ்சினை ஏற்றி ‘ட்ரைட்டன்’ என்று பெயர் சூட்டினார்கள். 500 சிசி பந்தயக் கார் கட்டியவர்கள் எஞ்சினுக்காக முழு நார்ட்டனை வாங்கி மிச்சத்தைத் தள்ளிவிட்டதால் வெறும் சட்டங்கள் சந்தையில் மலிந்தன. அவர்கள் வேகத்துக்காக வெட்டினார்கள், நாம் சிக்கனத்துக்காக வெட்டினோம். அரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கருதுகோள்

புல்லட் சட்டத்துக்குக் கீழே தொட்டில் கிடையாது. எஞ்சினே சட்டத்தின் ஒரு துண்டாக நின்று முன்குழாயையும் பின்பகுதியையும் பிணைக்கிறது. எஞ்சினை இறக்கினால் வண்டிக்கு இடுப்பு இல்லை. கியர்பாக்ஸ் தனியாக, எஞ்சினுக்குப் பின்னால் பூட்டப்பட்டது. ‘எஞ்சினை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கியர்பாக்ஸ் இருக்கட்டும்’ என்ற ஆசையை மனிதனுக்கு ஊட்டியது இந்த அமைப்புதான். டீசல் மெதுவாகச் சுற்றும். வேகம் வேண்டுமென்றால் எஞ்சின் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட வேண்டும். பல் கூடினால் ஸ்ப்ராக்கெட் பெருக்கும்; பெருத்தது செயின்கேஸில் இடிக்கும். முதல் அரம் அங்கே பாய்ந்தது. அடுத்து எஞ்சின் பிளேட், பிறகு ஃபுட்ரெஸ்ட் கம்பி, பிறகு டூல்பாக்ஸின் ஓரம், கடைசியில் மூடி.

எவை தப்பின? சட்டம் தப்பியது, அதில் சேசிஸ் நம்பர் உண்டு. பழைய எஞ்சின் சாக்கில் பத்திரமாக உறங்கியது, அதில் எஞ்சின் நம்பர் உண்டு. பதிவுச் சான்றிதழும் இன்ஷூரன்ஸும் வழியில் மறிக்கும் போலீஸும் கேட்பது இந்த இரண்டு எண்களைத்தான். மிஸ்திரி எவ்வளவு துணிந்தவராக இருந்தாலும் எண் பொறித்த இரும்பின் முன் அவர் கை தயங்குகிறது. இதிலிருந்து விதி:

எண் பெற்றது தப்பும். எண் பெறாதது தேயும்.

இதன் கிளைவிதி இன்னும் கொடியது. எண் இல்லாத பாகத்துக்குக் கணக்கு இல்லை; கணக்கு இல்லாததை யாரும் மறுபடி செய்து விற்பதில்லை; ஆகவே அதுதான் நாளை அரிதாகும். அரிதாகப்போவதைத்தான் இன்று வெட்டுகிறோம். புதிதாக வாங்கிவந்த எஞ்சினில் ஒரு முனையைத் தேய்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால் அதற்கு நேற்றுத்தான் பணம் கொடுத்தோம்.

அம்மீட்டர் மட்டும் விதிக்கு அடங்கவில்லை. பெட்ரோல் புல்லட்டில் அதற்கு உத்தியோகம் உண்டு. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் நடுவுக்கு வரும். அப்போது டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துப் பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு உதைக்க வேண்டும். முள்ளைப் பார்க்காமல் உதைத்தவர்களின் கணுக்கால் இதற்குச் சாட்சி. டீசலில் பாயிண்டும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை. முள் வேலையிழந்தது. எண்ணும் இல்லாத அதை ஏன் ஒருவரும் கழற்றவில்லை? ஹெட்லைட்டையும் மீட்டர்களையும் ஒரே வார்ப்பில் அடக்கிய அந்த முகப்பில், அதைக் கழற்றினால் வட்டமாக ஓர் ஓட்டை தெரியும். ஆகவே விதிவிலக்கு: ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதும் தப்பும். அரசு அலுவலகங்களைப் பற்றி ஆராய்பவர்கள் இந்த விதிவிலக்கை எடுத்துக்கொள்ளலாம், உரிமைத்தொகை வேண்டாம்.

உரைவேறுபாடு

கரியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஆடுபவர்களைவிடச் சுற்றி நிற்பவர்கள் அதிகம். நிற்பவர் காயைத் தொடக் கூடாது என்பது அங்கே எழுதாச் சட்டம். சந்துக்குள் அந்தச் சட்டம் செல்லாது. மல்லிக் பஜாரிலிருந்து வந்த எஞ்சின் பிளேட்டின் துளை பழைய எஞ்சினின் துளையோடு சேரவில்லை என்றதும் ஆளுக்கொரு உரை எழுதினார்கள். ஓட்டையைப் பெரிதாக்கு என்றது ஒரு கட்சி. போல்ட்டைச் சிறிதாக்கு என்றது இன்னொன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டையும் செய்து நடுவில் புஷ் போடச் சொன்னார்.

“கொபே ஹொபே?” என்று கேட்டார் மேசோமொஷாய். எப்போது முடியும் என்பது வினா.

“ஹோயே ஜாபே, மேசோமொஷாய்,” என்றார் மிஸ்திரி. ஆகிவிடும் என்பது விடை. எப்போது, என்ன என்பவை மிஸ்திரியின் இலக்கணத்தில் எச்சம்.

பிறகு அவர் அரத்தை எடுத்தார். பில்லோடு வந்த பிளேட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முப்பது வருடம் தப்பிப் பிழைத்த ஒரே பழைய பிளேட்டின்மேல் அரத்தை வைத்தார். கருதுகோள் கண்முன்னே மெய்யானதில் ஆய்வாளனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி மேசோமொஷாய்க்கு ஏற்படவில்லை.

நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் சொல்லைப் பெயர்த்து இன்னோர் இடத்தில் கூட்டிப் பொருள் சொன்னார் என்று மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் குறைபட்டார். நம் மிஸ்திரியும் ராஜ்தூத் வாசரை எஸ்டி ஸ்டாண்டோடும், ஸ்கூட்டர் ஸ்பேசரைப் புல்லட் பிளேட்டோடும் கொண்டுகூட்டுகிறார், பொருள் வந்துவிடுகிறது. ஆனால் நியாயமாகச் சொன்னால், நச்சினார்க்கினியர் மூலத்தை அரம் போட்டு ராவவில்லை.

கடாவிடை

கடா: டீசலுக்குப் போய்த் திரும்பிய வண்டி விண்டேஜ் ஆகுமா?

விடை: இரும்பைக் கேட்டால் ஆகாது, காகிதத்தைக் கேட்டால் ஆகும். சான்றிதழில் எரிபொருள் என்ற இடத்தில் அன்று முதல் இன்று வரை பெட்ரோல் என்றே இருக்கிறது. டீசலுக்கு மாறியதை யாரும் போய்ச் சொல்லவில்லை. பதிவேட்டின்படி இந்த வண்டிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காத ஒன்றைத் திருப்பிச் செய்ய யாரிடம் அனுமதி கேட்பது?

கடா: இது குற்றமல்லவா?

விடை: ஆம். அடுத்த கடா.

கடா: அரம் பட்ட பிளேட்டை இனி பழையது என்பதா, புதியது என்பதா?

விடை: மல்லிக் பஜாரில் வாங்கும்போது பழையது என்பார்கள், விலை கூடும். அங்கேயே விற்கப் போனால் அரம் பட்டது என்பார்கள், விலை குறையும். தத்துவவாதிகள் இதற்கு மேல் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பரிந்துரை

எண் பெற்றது தப்பும் என்பது மெய்யானால் வழி எளிது. பழைய புல்லட், எஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு நம்பர் பஞ்ச் செட் வாங்குங்கள். சேசிஸையும் எஞ்சினையும் தொடாதீர்கள். அங்கே அடித்தால் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். டூல்பாக்ஸ் மூடி, செயின்கேஸ், எஞ்சின் பிளேட், ஃபுட்ரெஸ்ட் கம்பி ஆகியவற்றின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், நான்கு இலக்கம் அடித்துவையுங்கள். எந்த எண் என்பது முக்கியமில்லை. மிஸ்திரி திருப்பிப் பார்க்கும்போது ஓர் எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: அந்தச் செட்டில் ஒன்பது துண்டுகள்தான் வரும். ஒன்பது வேண்டுமென்றால் ஆறைத் தலைகீழாகப் பிடித்து அடித்துக்கொள்ள வேண்டும்.