இடது கையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது

பெறுநர்:
சீருடை இயக்கங்களின் மேலிடம்
(எந்தக் கட்டடம், எந்த மாடி என்று பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது.)

பொருள்: நாலாம் ஆண்டு படிக்கும் குட்டிச் சாரணன் ஒருவனின் சட்டைப் பரப்பளவு குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தாங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. ஒரு சட்டை, அதற்குள் தலையில்லாத ஒரு பையன், சுற்றிலும் அம்புக்குறிகள். பெயர்ப்பட்டை இங்கே, உறுப்பினர் பேட்ஜ் அங்கே, உலகச் சாரணர் பேட்ஜ் பைக்கு மேலே இத்தனை சென்டிமீட்டர், மாநிலத்துக்கு ஓர் இடம், மாவட்டத்துக்கு ஓர் இடம், குழு எண்ணுக்கு ஓர் இடம். எங்கள் லயத்து வீடுகள் நின்ற மண்ணை யாராவது இவ்வளவு துல்லியமாக அளந்து எங்கள் பெயரில் எழுதியிருந்தால், இன்று நான் சுங்கை பட்டாணியில் வாடகை வீட்டில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் கேட்டதெல்லாம் சட்டையில் ஏறிவிட்டது. இடது கையில், முழங்கைக்குச் சற்று மேலே, இன்னும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. அடுத்த தவணைக்கு ஏதாவது யோசித்து வைத்திருந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

ஏற்றிய விதத்தையும் சொல்ல வேண்டும். படம் வரைந்தவர் கையில் ஊசி பிடித்ததில்லை என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பேட்ஜின் விளிம்பில் நூலைச் சுற்றிச் சுற்றித் தடிப்பாகக் கட்டியிருப்பார்கள். தையல் மெஷின் ஊசி அதில் ஏறினால் ஒன்று வளையும், அல்லது உடையும். விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளித் தைத்தால் பேட்ஜின் ஓரம் காய்ந்த இலை மாதிரிச் சுருண்டு நிற்கும். கை பக்கம் இன்னும் மோசம். பத்து வயதுப் பையனின் சட்டைக் கை மெஷினுக்குள் நுழையாது. தையலைப் பிரித்துவிட்டுத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் கையால்தான் போட வேண்டும். பை மேலே தைக்கும்போது கொஞ்சம் அசந்தால் பையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அப்படி மூடிய பையோடு, சீருடை நாளான ஒரு புதன்கிழமை போய்வந்த பையன், கேன்டீன் காசைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டான். சாரணனுக்கு உரிய சமயோசிதம் அவனிடம் தென்பட்ட ஒரே நாள் அது. அதற்கு மட்டும் பேட்ஜ் இல்லை.

இஸ்திரிப்பெட்டி வைத்துத் தேய்த்தாலே ஒட்டிக்கொள்ளும் பேட்ஜும் கடையில் கிடைக்கிறது. பசை இளகும் சூட்டில் பாலியஸ்டர் சட்டை பளபளத்துப்போகும். சூட்டைக் குறைத்தால் இரண்டு சலவையில் பேட்ஜ் உரிந்து வாஷிங் மெஷின் வடிகட்டியில் கிடக்கும். கெடா மாநிலத்தையே ஒருமுறை அங்கிருந்து மீட்டெடுத்திருக்கிறேன்.

கடைசியில் என் அம்மாதான் உட்கார்ந்து தைத்தார். பால்மரத்தில் பட்டை சீவிய கை. மரத்துக்குக் காயம் படாமல் நூல் கனத்தில் சீவத் தெரிந்தவர். தைத்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவன் என்னத்தப்பா செஞ்சான், இத்தனை குத்தியிருக்காங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தங்களிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.

ஐயா, நான் படித்த வரையில் இந்த பேட்ஜ் கதை தொடங்கியதே இந்தியாவில்தான். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1897இல் அங்கே குதிரைப்படை அதிகாரியாக இருந்தார். உளவு பார்க்கும் பயிற்சியில் தேறிய சிப்பாய்களுக்கு, கையில் அணிந்துகொள்ள மூவிதழ்ச் சின்னம் ஒன்றைக் கொடுத்தார். தேறியவனுக்குத்தான் சின்னம். பிறகு 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர் முகாம். 1908இல் அவருடைய புத்தகம். அதே 1908இல் சாரணியம் பினாங்கு வந்துவிட்டது. பினாங்குக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது மூடா ஆறு மட்டும்தான். ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதற்குள் அந்த "தேறியவனுக்கு" என்ற சொல் மட்டும் தண்ணீரில் விழுந்துவிட்டதோ என்று சந்தேகப்படுகிறேன். இங்கே வந்து சேர்ந்தது "முழு செட்". கடையில் நெகிழிப் பைக்குள் எல்லாம் ஒன்றாக இருக்கிறது. தேர்வாளர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். மீதிச் சில்லறையும் கொடுக்கிறார்.

உலகச் சாரணர் பேட்ஜை ஒருநாள் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஊதா நிறம், நடுவே வெள்ளை மூவிதழ், அதைச் சுற்றி ஒரு கயிறு, கயிற்றின் அடியில் ஒரு முடிச்சு. முகாமில் 'புக்கு சிலா' என்று சொல்லிக்கொடுப்பார்களே, அதே முடிச்சு. என் பையன் நெஞ்சில் அது இருக்கிறது. ஆனால் அவனுக்கு முடிச்சுப் போட வராது. அதனால்தான் அவன் பள்ளிக் காலணியில் வெல்க்ரோ. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர், தன் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முட்காயைப் பார்த்து வெல்க்ரோவைக் கண்டுபிடித்தாராம். எங்கள் தோட்டத்து ஒட்டுப்புல்லும் கால்சட்டையில் இப்படித்தான் ஏறிக்கொள்ளும். விலை கேட்காது, எந்தப் பக்கம் என்றும் பார்க்காது. பேட்ஜுக்கும் வெல்க்ரோ வைத்துவிடலாமே என்று பள்ளியில் சாரணர் அணியைப் பார்த்துக்கொள்ளும் சாரிடம் கேட்டேன். கூடாதாம். தைக்க வேண்டுமாம். பையன் வளர்ந்து சட்டை பத்தாமல் போகும்போது எல்லாவற்றையும் பிரித்து அடுத்த சட்டையில் மறுபடி தைக்க வேண்டும். தோட்ட வீட்டை விட்டு நாங்கள் கிளம்பியபோதுகூட இத்தனை சாமான் இல்லை.

சாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மேசை டிராயரில் ஊக்கு குத்திய பேட்ஜ்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. தன் கைக்காசில் வாங்கியவை. தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை காலையில் குத்திவிட்டு, மத்தியானம் எண்ணி வாங்கிக்கொள்கிறார். மேலிருந்து யாராவது பார்வையிட வந்தால் டப்பா காலியாகிவிடும், அணி முழுமையாகிவிடும். தாங்கள் கொடுத்திருக்கக்கூடிய பாராட்டுச் சான்றிதழ்களில் சில அந்த டப்பாவுக்குச் சேர வேண்டியவை. டப்பா இல்லாத நாளில் ஒரு பையனைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள், மாவட்ட பேட்ஜ் இல்லை என்று. கோல மூடா மாவட்டத்தில் பிறந்து, கோல மூடா மாவட்டத்துத் திடலில் நின்றுகொண்டிருந்தான். ஆனால் அதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் அவன் தோளில் இல்லை.

செலவைப் பற்றிப் பேசினால் தாங்கள் சிரிப்பீர்கள். பள்ளி தொடங்கும்போது அரசாங்கம் பிள்ளைக்கு 150 வெள்ளி கொடுக்கவில்லையா என்பீர்கள். கொடுத்தது, நன்றி. காலணியும் புத்தகப்பையும் அதைக் கேட்டு முன்னமே வந்து நின்றுவிட்டன. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆகவில்லையா என்பீர்கள். ஆனது. மூன்று பிள்ளைகள் மூன்று வேறு இயக்கத்தில் இருக்கும் வீட்டில் போய் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இன்னொன்றும் தாங்கள் சொல்லலாம், அதை நானே சொல்லிவிடுகிறேன்: 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டி, இதே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கிய சமூகம், ஒரு செட் பேட்ஜ் வாங்க முடியாதா? முடியும் ஐயா. அந்தப் பணத்துக்குத் தோட்டத்தில் பங்கு கிடைத்தது. இங்கே கிடைப்பது துணி.

பெற்றோர் ஏன் வாய் திறப்பதில்லை என்பதும் தங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக நுழைவுக்குத் தேர்வு 90, புறப்பாடம் 10. அந்தப் பத்தை இழந்தால் மெட்ரிகுலேஷன் போய்விடும், மெட்ரிகுலேஷன் போனால் டாக்டர் போய்விடும் என்று நாலாம் ஆண்டிலேயே வயிற்றில் புளி கரைக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பயத்தில் ஒரு தாய் எந்த பேட்ஜையும் தைப்பாள். நாளைக்கே முதுகில் ஒன்று வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தாலும் தைப்பாள்.

எல்லா பேட்ஜையும் நான் எதிர்ப்பதாக நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரல் 21 முதல் மாணவர்கள் ஜாலோர் கெமிலாங் பேட்ஜ் அணிய வேண்டும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. செலவை அரசாங்கமே ஏற்றது. அது சரி. கொடி யாரும் தேறிப் பெற வேண்டியதல்ல, பிறந்ததாலேயே கிடைப்பது. (பிறப்புப் பத்திரம் இல்லாமல் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் லேசில் கிடைக்கவில்லை என்பது வேறொரு மேலிடத்துக்கு வேறொரு கடிதம்.) ஆனால் சமையல், முதலுதவி, வழி கண்டுபிடித்தல் இவையெல்லாம் பிறப்புரிமை அல்லவே. செய்துகாட்டினால்தானே?

செய்துகாட்ட எங்கள் பக்கம் ஆளுக்கா பஞ்சம்? என் தலைமுறைப் பிள்ளைகள் கட்டிப்பாலைக் கிள்ளி மழை நாளிலும் அடுப்பு பற்றவைத்தார்கள். சீக், பாலிங் பக்கத்துத் தோட்டங்களில் யானைத் தடம் பழசா புதுசா என்று பார்த்துச் சொல்லும் சிறுவர்கள் இருந்தார்கள். பேடன் பவல் குட்டிச் சாரணர்களுக்காக ஒரு காட்டுக் கதையிலிருந்து அகேலா என்ற ஓநாயைக் கடன் வாங்கினார். அந்தக் கதையின் காடு இந்தியாவில்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் காடு கொல்லைப்புறத்தில் இருந்தது. யாரும் வந்து தேர்வு வைக்கவில்லை. இப்போது தாமானில் வளரும் என் பையனுக்கு நெருப்புக்குச்சி உரசப் பயம். அவனுக்கு முழு செட்.

சீருடை இயக்கம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பீடோங், ஹார்வர்ட் தோட்டம். 1946, 47இல் அங்கே ஏ. எம். சாமி என்ற லாரி ஓட்டுநரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் அணிவகுத்தார்கள், கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். போலீஸ் அடித்தது, கைது செய்தது. தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. வரலாற்று ஆசிரியர்கள் அவர்கள் செய்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். சட்டையில் எந்தப் பக்கம் எது இருந்தது என்று எழுதவில்லை. அவர்களைத் தாங்கள் ஒரு புதன்கிழமை பார்வையிட்டிருந்தால் மொத்தப் படையும் பின்வரிசைக்குப் போயிருக்கும்.

ஆகவே ஐயா, பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். இன்னும் பேட்ஜ் வரப்போகிறதென்றால் சட்டையைப் பெரிதாக்குங்கள், அல்லது பிள்ளைகளுக்கு மூன்றாவது கைக்கு ஏற்பாடு செய்யுங்கள். இரண்டும் முடியாதென்றால், அடுத்த சுற்றறிக்கையில் பேட்ஜை எங்கே தைக்க வேண்டும் என்ற வரிக்கு மேலே, பிள்ளை எதைச் செய்தால் அது கிடைக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். செய்ததைப் பார்த்துக் கையெழுத்திட ஓர் ஆளைத் தோட்டத்துப் பள்ளிக்கும் அனுப்புங்கள். அந்த ஆள் வரும்வரை, இந்த முழு செட்டைப் பிரித்து சாரின் டப்பாவில் போட்டுவிடப் போகிறேன். என் பையன் சட்டையில் அவன் பெயரும் நாட்டின் கொடியும் இருக்கும். பின்வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்பான்.

இப்படிக்கு,
ஒரு குட்டிச் சாரணனின் அப்பா,
சுங்கை பட்டாணி, கெடா